எட்டு நிமிடம்

சரியாக எட்டு நிமிடம் ஓடும். பிறகு
இருமி, தோள் குலுக்கி நின்றுவிடும்
ஐம்பத்தொன்றாம் வருடத்து ஃபோர்டு டிராக்டர்.
வடக்கு டகோட்டாவில் அக்டோபர் கடைசி.
மக்காச்சோளம் பாதி இன்னும் குதிருக்கு ஏறவில்லை.
வெள்ளிக்கிழமை பனி என்கிறது வானொலி.

"பெட்ரோல் குழாய்தான்" என்றான் ஓரின் ட்வெட்,
வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே.

டாங்கிக்குக் கீழே கைவிட்டேன்.
வால்வு முழுதாய் மூடவில்லை:
முழங்கை வழியே அக்குள்வரை
ஜில்லென்று ஒரு ஓடை.
பித்தளை நட்டு ஸ்பேனருக்கு மசியவில்லை,
கெட்ட வார்த்தைக்கு மசிந்தது.
நார்வே மொழிக் கெட்ட வார்த்தை;
மாமியார் எனக்குத் தந்த ஒரே சீதனம்.

கழற்றிய குழாயை வாயில் வைத்து ஊதினேன்.
துரு வரும், சகதி வரும் என்று பார்த்தால்
மறுமுனையில் வந்தது
என் மூச்சு மட்டும்.
இருந்தும் புதியதை மாட்டினேன்.
பதினொன்றரை டாலர் கொடுத்தாயிற்றே.

எட்டு நிமிடம்.
நின்றது.

ஆத்திரத்தில் டாங்கி மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ்ஸ் என்று உள்ளே பாய்ந்தது காற்று,
ஏரியில் முங்கி எழுந்தவள் இழுக்கும்
முதல் மூச்சைப்போல.
மூடியின் ஊசித்துளையை அடைத்து
ஒரு குளவி கட்டிய வீடு, கடுகளவு மண்.
கொண்டை ஊசியால் குத்தி எடுத்தேன்.

அப்புறம் நிற்கவேயில்லை.
இருட்டும்வரை சோளம் ஏறியது.
நோயைக் கண்டுபிடித்த மருத்துவன் மிடுக்கோடு
ஓரின் கையசைத்தான்.
நானும் அசைத்தேன்.

பழைய குழாய்
சமையலறை ஜன்னலில் கிடக்கிறது,
ஒரு தப்பும் செய்யாமல்.
எறிய மனமில்லை. வைத்து என்ன செய்ய,
அதுவும் தெரியவில்லை.