நாற்பது பிக்சல் ஒன்றுமில்லை

வார்டோவில் நவம்பர் கடைசியில்
வெயில் கடையைக் கட்டிவிடும்.
அதன்பிறகு ராக்ன்ஃப்ரிட்டின் மேசையில்
திரை ஒன்றுதான் பகல்.

கோடை முழுக்கப் பாறை விளிம்பில் உட்கார்ந்து
கடற்காகக் கூடுகளை எண்ணுவாள்.
குளிர்காலத்தில் எண்ணியதை ஏற்றுவாள்.
முப்பத்தொரு வருடம்.
போன வருடம் அவளுடைய வலது கை
தனக்கென்று ஒரு யோசனை வைத்துக்கொண்டது.

அட்டவணையைத் திறக்கப் போனால் வானொலி பாடும்.
கடிதம் அனுப்பப் போனால் கணினி அணையும்.
திட்டுவாள். கையை அல்ல, என்னை.

நான் மீன் தொழிற்சாலையில்
உறைபதன இயந்திரம் பார்த்தவன்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
எந்த இயந்திரத்துக்கும் வயிற்றில் ஒரு குறிப்பு இருக்கும்.
சாளர மேலாளருக்கும் இருந்தது,
படமில்லாத, வெறும் எழுத்தாலான கோப்பு.
வரிசை மூன்று, பத்தி நான்கு,
பொத்தான் அகலம் நாற்பத்தெட்டு,
இடைவெளி இரண்டு,
வலது ஓரத்திலிருந்து சுழி, கீழிருந்து சுழி.
வரிதோறும் கடைசியில் ஒரு பின்சாய்கோடு,
இன்னும் இருக்கிறது என்று
அடுத்த வரியின் கையைப் பிடித்தபடி.

ஓர் இரவு ஒரு கோட்டை விட்டுவிட்டேன்.
பலகையே காணோம்.
சாம்பல் திரையில் அம்பு மட்டும் நின்றது,
கடைசிப் பேருந்து போன பின்னும்
நிறுத்தத்தில் நிற்பவனைப் போல.
“நல்லது,” என்றாள்,
“இனித் தப்பான பொத்தானை அழுத்தவே முடியாது.”

அறுபத்துநாலு போட்டுப் பார்த்தேன். பிறகு தொண்ணூற்றாறு.
பொத்தான் பெருக்கப் பெருக்க எண்ணிக்கை இளைத்தது.
பன்னிரண்டு ஒன்பதானது. ஒன்பது ஆறானது.
முதலில் வானிலை போனது
(ஜன்னல்தான் இருக்கிறதே, என்றாள்),
பிறகு சீட்டாட்டம், பிறகு அகராதி.
அடுத்து எதை எடுக்கட்டும் என்று கேட்டபோது
பதில் சொல்லாமல் மீன் சூப்பைக் கிண்டினாள்.
கரண்டி பாத்திர விளிம்பில் தந்தி அடித்தது.

கணக்கு எங்கே போய் முடியும் என்று
எனக்குத் தெரிந்திருந்தது.
திரை முழுக்க ஒரே பொத்தான்.
அதன்மேல் என்ன எழுதுவேன்?

மறுநாள் இரவு கோட்டைக்கூடக் கழற்றாமல்
பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
“காட்டு அந்தக் கோப்பை.”
பாறையைப் படிப்பதுபோல்
மேலிருந்து கீழ்வரை படித்தாள்.
விரல் நடுங்கி நடுங்கி ஓர் எண்ணில் நின்றது.
இரண்டு.
“இவ்வளவு நெருக்கமாக எந்தப் பறவை கூடு கட்டும்?
பக்கத்துக்காரியின் அலகு எட்டாத தூரம் விட்டுத்தான்
தன் இடத்தைப் பிடிக்கும்.
நான் பொத்தானைத் தவறவிடுவதில்லை, தோர்லெய்வ்.
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடுகிறேன்.
கதவைப் பெரிதாக்காதே.
தவறி விழ இடம் கொடு.”

பொத்தானைப் பழைய நாற்பத்தெட்டுக்கே இறக்கினேன்.
நடுவில் நாற்பது பிக்சல் விட்டேன்.
வெற்றிடத்துக்கும் இந்தக் கோப்பில்
ஒரு கட்டளை எழுத வேண்டியிருந்தது:
ஒன்றும் செய்யாதே.

பன்னிரண்டும் திரும்பி வந்தன, வானிலை உட்பட.
ஜன்னல் இருக்கிறதே என்றேன்.
ஜன்னலுக்கு நாளையைப் பற்றி என்ன தெரியும் என்றாள்.

இப்போது அவள் கை கிளம்பும், அலையும்,
பாதி நேரம் வெறுமையில் போய் இறங்கும்.
ஒரு சொடுக்கு.
எதுவும் திறக்காது. எதுவும் மூடாது.
யாரும் திட்டு வாங்குவதில்லை.
இரண்டாம் சொடுக்கில் அட்டவணை:
மேற்கு முகம், கூடு நூற்றுப் பதினேழு,
முட்டை இரண்டு, ஒன்றை அண்டங்காக்கை கொண்டுபோனது.

கோப்பின் தலையில்
இயந்திரம் படிக்காத வரிகள் சில உண்டு.
அங்கே குறித்து வைக்கிறேன்.
டிசம்பர், நாற்பது.
ஜனவரி, நாற்பத்தாறு.

இன்று பகல் பன்னிரண்டுக்கு
வெயில் ஒரு நூல் அளவு எட்டிப் பார்த்தது.
நேரே திரைமேல் விழுந்தது.
பொத்தானும் தெரியவில்லை, இடைவெளியும் தெரியவில்லை.
“மேசையை நகர்த்து,” என்றாள்,
நகர்த்தும்வரை அந்த வெளிச்சத்தில்
கையை வைத்துக்கொண்டிருந்தாள்.