இடுப்புக்கு மேலே ஒரு கை

ஆறு வருடம் அவனுக்கு முன்னால் ஓடினேன்.
அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை.

என் வேலை அப்படி.
பந்து அவன் வயிற்றுக்குள் புதையும் நேரத்தில்
எனக்கெதிரே நூற்றைம்பது கிலோ எடையில் ஒருவன்
மூக்கால் ஆவி விட்டுக்கொண்டு நிற்பான்.
அவனை அரையடி நகர்த்த வேண்டும்.
அந்த அரையடிதான்
டெமாரியஸ் ஃபான்டனோ நுழையும் வாசல்.

எதிரிக்கு ஒருநாளும் புறமுதுகு காட்டியதில்லை.
அவனுக்கு வேறெதையும் காட்டியதில்லை.
வியர்வையில் ஒட்டிய சட்டையின்மேல்
விரித்த உள்ளங்கை வந்து பதியும்.
வலப்பக்கம் அழுத்தினால், இடதே போ.
விரல்கள் மடங்கினால், பொறு.
கை விலகினால்
என்னைத் தாண்டிவிட்டான் என்று பொருள்.
மிச்சத்தை அறுபதாயிரம் தொண்டைகள் சொல்லும்.
குப்புறக் கிடந்து, வாயில் புல்லோடு,
கூச்சலின் நீளத்தை வைத்து அளப்பேன்:
ஓ என்றால் நான்கு கஜம்.
ஓஓஓ என்று எழும்பிக்கொண்டே போனால்
நாற்பது, எல்லைக்கோடு, ஆறு புள்ளி.

பெரும்பாலும் ஓ கூடக் கிடையாது.
ஒரு கஜம். இரண்டு. மைனஸ் ஒன்று.
குவிந்த உடல்களின் அடியிலிருந்து
குரல் மட்டும் வரும்:
"அறுபத்தாறு, உன் முழங்கை என் வாய்க்குள்ள இருக்கு."

லூயிசியானாவின் நாகடிஷிலிருந்து வந்தபோது
இருபத்தொரு வயது. நான்காம் சுற்றுத் தேர்வு.
ஒரு பை, ஒரு டப்பா நிறைய இறைச்சி அப்பம்.
பனியை ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான் பார்த்திருந்தான்.
இரண்டாம் வருடம்
ஆயிரத்து இருநூற்றுப் பதினொரு கஜம் ஓடினான்.
அந்தக் கிறிஸ்துமஸுக்கு
வரிசையில் நிற்கும் எங்கள் ஐந்து பேருக்கும்
ஆளுக்கொரு பனிவாரும் இயந்திரம் வாங்கித் தந்தான்.
"எனக்கு வழி விட்டீங்க,
உங்க வாசலுக்கு நான் வழி விடறேன்."
என்னுடையது இன்னும் ஓடுகிறது.

நான்காம் வருடம், நவம்பர்.
கை பதிந்தது.
அழுத்தவில்லை, மடங்கவில்லை,
வழுக்கிக்கொண்டே கீழே போனது.
அறுபதாயிரம் பேர் ஒன்றாக வாய்மூடினால்
விளக்குக் கம்பங்கள் ரீங்கரிப்பது கேட்கும்.
அதுவரை எனக்குத் தெரியாது.

பதினோரு மாதம் கழித்துத் திரும்பி வந்தான்.
எம்.ஆர்.ஐ. நன்றாக இருக்கிறது என்றார்கள்.
ஸ்டாப்வாட்ச் நன்றாக இருக்கிறது என்றது.
என் முதுகுக்கு மட்டும் தெரிந்தது:
கை ஒரு கண்சிமிட்டு நேரம் தாமதமாக வருகிறது.
அந்தக் கண்சிமிட்டுக்குள் வாசல் மூடிவிடும்.
மூடிய கதவில் அவன் தலைகொடுத்து மோதுவான்.
திரும்பத் திரும்ப.
ஞாயிறு தவறாமல்.

கோச் ஹார்ட்விக்சன் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்:
"பின்னால் எப்படி வருகிறான்?"
"பழையபடிதான்," என்றேன்.

பழையபடிதான்.
அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை மோதல் என்று
பிறகு பழைய வீடியோக்களைப் போட்டு எண்ண ஆரம்பித்தேன்.
நூற்றுப்பத்தோடு நிறுத்திவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்பிவிட்டார்கள்.
இருபத்தேழு வயது.
அவன் வேலையில் அது பல் போன கிழவனின் வயது.
லாக்கரில் பெயரைக் கிழித்த இடத்தில்
பசை மட்டும் இருந்தது.
அடுத்து வந்த பையன் வேகமானவன்.
என் முதுகைத் தொடவே மாட்டான்.

போன ஜனவரி, டொலிடோவில்,
பழைய ஆட்டக்காரர்கள் கூடிச் சாப்பிட்டோம்.
டயர் கிடங்கில் கணக்குப் பார்க்கிறானாம்.
மகளின் பல்லுக்குக் கம்பி கட்டிய கதையை
ஒரே இரவில் இரண்டு முறை சொன்னான்.
இரண்டாம் முறையும் சிரித்தேன்.
சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது.
காப்பியோடு விழுங்கினேன்.

வெளியே உறைபனி. விளக்கு பாதிதான்.
என் மூட்டும் அவன் மூட்டும் கிறீச்சிட
வாகனங்களுக்கு இடையே நடந்தோம்.
நான் முன்னே.
இடுப்புக்கு மேலே கோட்டின்மீது
ஒரு கை வந்து பதிந்தது.
தாமதமே இல்லை.

விரல்கள் மடங்கின.
நின்றேன்.
எந்தப் பக்கம் அழுத்துவான் என்று காத்திருந்தேன்.
எனக்குப் பின்னால்
அவனும் காத்துக்கொண்டிருந்தான்.
காரை எங்கே விட்டோமென்று
இருவருக்குமே நினைவில்லை.