அறுபத்து நான்கு குதிரைகள்

ஜப்பானில் சின்னக் காருக்குச்
சட்டமே அளவெடுத்துச் சட்டை தைக்கிறது:
நீளம் மூன்று மீட்டர் நாற்பது,
அகலம் ஒன்று நாற்பத்தெட்டு,
எஞ்சின் அறுநூற்று அறுபது சிசி.
குதிரைகளின் எண்ணிக்கை மட்டும் சட்டத்தில் இல்லை.
கம்பெனிகள் தமக்குள் பேசிவைத்துக்கொண்ட கணக்கு அது,
அறுபத்து நான்கு.
அறுபத்தைந்தாவது குதிரை லாயத்துக்கு வெளியே நிற்கும்.
கலைகளை எண்ணிக்கொண்டு போன நாம்
எந்த எண்ணில் களைத்து உட்கார்ந்தோமோ
அங்கேயேதான் அவர்களும்.

கனாயேயிடம் கொடுத்த சோதனைக் கார்
இரண்டே இருக்கை, துணிக்கூரை, மஞ்சள் நம்பர் பலகை.
பெயர் கோட்சுபு. சிறுமணி என்று பொருள்.
சிறுத்தாலும் சுரீரென்னும் ஒரு மிளகைப் பற்றி
அந்த ஊரில் பழமொழி உண்டு,
நம் கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

கோச்சியிலிருந்து கிளம்பினாள்
(கேரளத்தில் இருப்பதல்ல, ஷிகோகு தீவில் இருப்பது).
ஆற்றைப் பிடித்துக்கொண்டு மலைக்குள் போகும் சாலை.
கூரையைக் கழற்றியதும்
தேவதாரு மரங்களின் ஈரம் காலரில் இறங்கியது.
நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தாள்:

*ஸ்டியரிங்: நாம் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டுகிறது.
கியர்: குட்டி வாக்கியம், முற்றுப்புள்ளியோடு.
டிக்கி: ஒரு குடை கொள்ளும். மடக்குக் குடை.
உயரமானவர்கள்: வேறு பக்கம் புரட்டவும்.*

நாலாவது திருப்பத்தில் ஹிராத்சுகா கூப்பிட்டார்.
"காலையில் அறிவித்துவிட்டார்கள்.
மார்ச்சோடு நிறுத்துகிறார்களாம்.
எல்லாவற்றையும் இறந்தகாலத்துக்கு மாற்றிவிடு.
எண்ணூறு சொல் வேண்டாம், நானூறு போதும்."

எஞ்சினை அவள் அணைக்கவில்லை.
செய்தி எட்டாத கார்
மூன்று சிலிண்டரில்
முணுமுணுவென்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வளைவில் எதிரே ஒரு குட்டி லாரி.
ஒரு பக்கம் பாறை,
மறு பக்கம் தடுப்பில்லாமல் ஆறு.
பெரிய வண்டியாக இருந்தால் யாராவது ஒருவர்
பின்னாலேயே அரை மைல் போயிருக்க வேண்டும்.
இரண்டும் ஒரே சட்டத்தின் பிள்ளைகள்.
கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு,
வயிற்றை எக்கிக்கொண்டு,
உள்ளங்கை அகல இடைவெளியில்
ஒன்றை ஒன்று உரசாமல் வந்து
ஜன்னலோடு ஜன்னலாக நின்றன.
கூரையற்ற காரில் அவள் தலை
அவர் கதவுப்பிடியின் உயரத்தில்.

"என்ன எடை தூக்கும் இது?" என்றார் நிஷிமோரி.
"ஒரு குடை."
அவர் பின்னால் முந்நூற்றைம்பது கிலோ யூஸு,
பச்சையும் மஞ்சளுமாய், தோல் பருத்த எலுமிச்சை.
சிரிப்பாரென்று பார்த்தாள்.
தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.
"நம்ம எஞ்சின்தான். இருமல் ஒண்ணாயிருக்கு.
இருபத்தோரு வருசமாக் கேக்கறேன், தெரியாதா?
உன்னுது மேக்கப் போட்டிருக்கு, அவ்வளவுதான்."

ஜன்னல் வழியே ஒரு பை கைமாறியது.
டிக்கி மறுத்தது.
பக்கத்து இருக்கையில் வைத்ததும்
பெல்ட் போடாத பயணியென்று
கார் டிங் டிங் என்று கத்த,
யூஸுவுக்குப் பெல்ட் மாட்டினாள்.
அதற்குள் லாரி போயிருந்தது.
பெட்ரோல் கணக்கு கேட்க மறந்துவிட்டாள்.

இரவு விடுதியில் வினைச்சொற்களை
ஒவ்வொன்றாய்க் கொன்றாள்.
திரும்புகிறது, திரும்பியது.
சிரிக்க வைக்கிறது, வைத்தது.
ஒரு வரி மட்டும் மாற மறுத்தது:
*இதே எஞ்சின் மலையில்
எலுமிச்சை சுமந்துகொண்டிருக்கிறது.*
அப்படியே அனுப்பினாள்.
ஹிராத்சுகா அந்த வரியை எடுத்துவிட்டார்.
இடமில்லையாம்.
மூன்றரை நட்சத்திரம் போட்டார்,
அவளைக் கேட்காமலே.

மறுநாள் காரைத் திரும்பப் பெற்ற இளைஞன்
படிவத்தோடு சுற்றி வந்தான்.
கீறல்: இல்லை.
பெட்ரோல்: கால்.
கதவைத் திறந்தவன் சற்று நின்றான்.
மூக்கை உறிஞ்சினான்.
பிறகு ‘இதர’ என்ற கட்டத்தில்
சிறிய எழுத்தில் குறித்துக்கொண்டான்:
*பயணி இருக்கையில் ஒரு பை யூஸு.
பெல்ட் போட்டிருக்கிறது.*