கோடும் வட்டமும்

பெயர்ச்சொல் என்றால் அடியில் கோடு,
பெயரடை என்றால் சுற்றி வட்டம்.
இவ்வளவுதான், பயப்பட வேண்டாம்
என்கிறது கைடு.
தனித்தேர்வர், பத்தாம் வகுப்பு,
முத்துராக்கு, வயது முப்பத்தேழு.

பயம் என்ன பயம்.
காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில்
ஜப்பார் அண்ணன் பழம்பொருள் கடையில்
பதினோரு வருஷமாய்ச் சீட்டு எழுதிக் கட்டுகிறேன்
ஒவ்வொரு சாமானின் கழுத்திலும்.
'லாம்ப்' ஆயிரத்து இருநூறு.
'ஓல்டு லாம்ப்' ஆயிரத்து எண்ணூறு.
'வெரி ஓல்டு' எழுதும் முன்
அண்ணன் முகத்தை ஒருமுறை பார்ப்பேன்.
பெயர்ச்சொல் எடை போட்டு வாங்கியது.
லாபம் முழுக்கப் பெயரடையில்.

'புளூ எனாமல் பிளேட்.'
புளூவுக்கு வட்டம். எனாமலுக்கு?
கைடின் கடைசிப் பக்கம் சொன்னது:
அதுவும் பெயர்தான்,
இங்கே மட்டும் அடையாக வேலை பார்க்கிறது.
'டீக் டோர்', 'ஸ்டோன் பில்லர்' எல்லாம் அப்படித்தானாம்,
ஒரு பெயர் இன்னொரு பெயருக்கு முன்னால்
கைகட்டி நிற்கும்.
தேக்குக் கதவு என்று நாம் சொன்னால்
நடுவில் ஒரு 'க்' இறங்கி
இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.
அவர்களுக்கு நடுவில் வெறும் காற்று.
போன மாசம் வந்த டச்சுக்காரரிடம்
'மை ஷாப் கேர்ள்' என்று அண்ணன் என்னைக் காட்டியபோது
கேர்ளுக்கு மனசுக்குள் கோடு போட்டேன்.
ஷாப்புக்கு என்ன போடுவதென்று தெரியவில்லை.
கடைப் பொண்ணு என்றிருந்தால்
ஒரு 'ப்' ஆவது துணைக்கு இருந்திருக்கும்.

'புரோக்கன் ஜார்' என்பதில் காலம் இல்லை.
நமக்கு உடைந்த ஜாடி, உடைகிற ஜாடி, உடையும் ஜாடி.
நாங்கள் விற்பது பெரும்பாலும் மூன்றாவது.

தேவகோட்டையில் தேர்வு.
பக்கத்தில் பென்சிலைக் கடிக்கும் பையன்.
கேள்வி இருபத்தெட்டு:
'த புவர் உமன் சோல்டு த பியூட்டிஃபுல் லாம்ப்.'
உமன், லாம்ப், கோடு கோடு.
பியூட்டிஃபுல்லுக்கு வட்டம்.
புவரில் பேனா நின்றது.

சித்திரை வெயிலில் கல்லலிலிருந்து வந்தாள் ஒருத்தி,
மஞ்சப்பையில் குத்துவிளக்கு.
பெயர் உமையாள் என்றாள்,
ரசீதில் இனிஷியலையும் போடச் சொன்னாள்.
அண்ணன் மூவாயிரம் என்றார்.
உங்கள் தராசு வேண்டாம் என்று
எதிர்க்கடையில் எடை போட்டுவிட்டு வந்து
திரும்ப உட்கார்ந்தாள்.
தண்டில் ஒரு நெளிவு,
அதைக் காட்டி இன்னும் முன்னூறு குறைக்கப் பார்த்தார்.
"நெளிவு இருந்தாத்தானே பழசுன்னு எழுதுவீக,
இந்தப் புள்ளையவே கேளுங்க" என்றாள்.
நான் கூரையைப் பார்த்தேன்.
ஐயாயிரத்து நூறு.
நோட்டை இரண்டு தடவை எண்ணினாள்,
போகும்போது பையை மறக்காமல் கேட்டு வாங்கினாள்.

அவளையா?
கேள்வித்தாள் எழுதியவர்
என்ன விலைக்கு என்று கேட்கவில்லை,
எடையும் கேட்கவில்லை.
விற்றாள் என்றதும் ஒரு அடையை எடுத்து
முன்னால் கட்டிவிட்டார்.
குறை சொல்ல எனக்கும் வாய் இல்லை,
அதே வேலைதான் பார்க்கிறேன், மாசம் ஒன்பதாயிரத்துக்கு.

மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில்
புவரைச் சுற்றி வட்டம் போட்டேன்.
மார்க் மார்க்தான்.
அழுத்தியதில் தாள் லேசாகக் கிழிந்தது.

மறுநாள் கடையில்
அந்த விளக்கு இன்னும் சீட்டில்லாமல் நின்றது.
'லாம்ப்' என்று எழுதினேன்.
அதற்கு முன்னால் இரண்டு விரற்கடை இடம் விட்டு
பேனாவை மூடி வைத்துவிட்டு
டீ வாங்கப் போனேன்.