கடைசி எழுத்திலிருந்து

தார்த்து நகரம். பிப்ரவரி.
காலை எட்டாகியும் ஜன்னல் கறுப்பு.
விர்வே குழாயைக் குலுக்குகிறாள்:
ரவை மாதிரிப் பிசின்மணிகள்
கண்ணாடிக்குள் ஏறி இறங்குகின்றன.

இருபத்திரண்டு எழுத்துச் சொல் ஒன்று.
உடம்பு முதலெழுத்திலிருந்து எழுதும்,
இவள் கடைசியிலிருந்து.
ஒவ்வோர் அமினோ அமிலமும்
வாய் கட்டித்தான் வந்து சேரும்.
ஒட்டு. கழுவு. கட்டை அவிழ். கழுவு.
அவிழ்க்கும் திரவம் பெயருக்குத் திப்பிலி வழி உறவு,
நாற்றத்துக்கு
மூடி மறந்த மீன்கூடை.

பதினேழாவதில் பாதிச் சங்கிலிகள்
ஓர் எழுத்தை விழுங்கிவிட்டன.
நான்கு நாள் வேலை கழிவுப் பீப்பாய்க்கு.
அப்போது அவள் திட்டிய சொல்லில் மட்டும்
ஓர் எழுத்தும் குறையவில்லை.

பெய்ப்சி ஏரிக்கரையில்
வெங்காயம் போடுகிற லுகியானுக்கு
இடது கணுக்காலில் ஏழு மாதப் புண்.
கொசுக்கடியாகத் தொடங்கியது,
இப்போது காசளவு, விளிம்பு தடித்து.
விளிம்பில் செல்கள் நிற்கின்றன,
ஓடம் வராத துறையில் ஆட்கள் போல.
ஒன்றும் இறங்கவில்லை.

அந்தச் சொல்லால் ஆகக்கூடியது
அவற்றைக் கூப்பிடுவது.
விர்வேயின் மொழியில் அது தூலே.
என் மொழியில் ஒரே எழுத்து:
வா.
வருவதும் வராததும்
அவற்றின் பாடு.

செவிலி லேலோ வாரம் இருமுறை
ஜெல்லைத் தடவுகிறாள்.
தடவுமுன் கண்ணாடித்தாள் வைத்து
புண்ணின் எல்லையை வரைந்துகொள்கிறாள்,
சுருங்கிவரும் தேசம் ஒன்றின் வரைபடம்.
“இதில் மருந்து இருக்கிறதா,
வெறும் வழவழப்பா?”
“குழாயில் ஓர் எண் இருக்கிறது.
எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.”

பதினோராம் வாரம்
வரைய ஒன்றுமில்லை.
வெங்காயச் சருகுக்கு அடியிலிருக்கும் தோல் போல
இளஞ்சிவப்பு, பளபளப்பு, ஈரமில்லை.
அவன் தொட்டுப் பார்க்கவில்லை.
காலுறையை மட்டும்
வழக்கத்தைவிட மெதுவாக ஏற்றினான்.

ஜூனில் ஆய்வகத்துக்கு
வெங்காயச் சரம் ஒன்று வந்தது.
லேலோ பெயர் எழுதாமல் அனுப்பியிருந்தாள்.
எழுதியிருந்தாலும் விர்வேக்குத் தெரியாது,
அவளுக்கு அவன் முப்பத்தொன்று.
ரசாயன அறையில் உணவுப்பொருள் கூடாதென்று
வீட்டுக்கு எடுத்துப்போய்
சைக்கிள் ஆணியில் தொங்கவிட்டாள்.

எந்தக் குழாயில் சொல் இருந்தது,
எதில் மௌனம்,
சீல் வைத்த உறைக்குத்தான் தெரியும்.
பிரிப்பது அக்டோபரில்.

சரத்தில் மேலிருந்து மூன்றாவது வெங்காயம்
யாரும் கூப்பிடாமலே
முளை விட்டிருக்கிறது.