முன்னிருக்கை

இரண்டு நாள் விடுப்பு.
உனக்கு இரவுப்பணி இல்லை,
எனக்குக் கிரேன் இல்லை.

பட்டியல் போட்டாய், தமயந்தி:
ஆற்றில் படகு, ஜூ சியாட்டில் லக்சா,
ஹோட்டல் கூரையில் நீச்சல்குளம்.
பக்கத்திலேயே நேரமும் குறித்தாய்,
வார்டில் மாத்திரைக்குக் குறிப்பதுபோல.

சிரித்துக்கொண்டே
ஆளுக்கொன்றாய் அடித்தோம்.

இளவேனில் வராத ஊர் இது.
ஏப்ரலில் சில நாள் மட்டும்
ட்ரம்பெட் மரங்களுக்குக் கிறுக்குப் பிடிக்கும்,
சாலையோரமெல்லாம் இளஞ்சிவப்பு.

மிஞ்சியது
மாடிப் பேருந்தின் முன்னிருக்கை,
பையில் கட்டிய கோப்பி இரண்டு.

மூன்றாவது நிறுத்தத்திலேயே
என் தோளில் தூங்கிப்போனாய்.
பூ வந்தது.
கண்ணாடியை உரசிக்கொண்டு
வந்துகொண்டே இருந்தது.

எழுப்பவில்லை.
கடைசி நிறுத்தத்தில் ஏறித் திரும்பலாம்,
கார்டில் காசிருக்கிறது.