ஓரம்

அந்தேரி மேற்கில், மிட்டாய்க்கடை மாடியில்,
முட்டைத்தட்டு ஒட்டிய சுவர்களுக்குள்
ஏழு வருடமாகச் செத்துக்கொண்டிருக்கிறேன்.
கிணற்றில், லிஃப்டில், காரின் பின்சீட்டில்.
சின்ன அலறலுக்கு இருநூறு ரூபாய்,
கழுத்தறுபட்டால் முந்நூற்றைம்பது,
பேயாகத் திரும்பி வந்தால் ரேட் தனியாகப் பேசணும்.
எந்த மொழிப் பிணமானாலும்
தமிழில் அதற்குத் தொண்டை என்னுடையது.

அதனால்தான் இந்த அவஸ்தை.
எலும்பு முறிந்தால் முள்ளங்கி என்று தெரிகிறது.
ரத்தம் சொட்டினால் ஈரத் துண்டு.
நள்ளிரவில் கிறீச்சிடும் மாளிகைக் கதவு
பரேஷின் நாற்காலி, எண்ணெய் போடச் சொல்லியும் போடாதது.
திரையில் மௌனம் வந்தால்
விரல்விட்டு எண்ணுவேன்:
ஒன்று, இரண்டு, பூனை.

பயமுறுத்த ஒரு படம்கூடவா இல்லை?
கேட்காத ஆளில்லை.
டீ கொண்டுவரும் பையன்
அம்மா மேல் சத்தியம் செய்து ஒன்று சொன்னான்;
அதில் பொம்மை தலை திரும்புவதற்குள் தூங்கிவிட்டேன்.
பரிசோதனைக்கூடத்தில் வேலைபார்க்கும் ஜெபமணி சொன்னதில்
பேய்க்கு முடி வெட்டத்தான் தோன்றியது.
'ஈரக்குலை நடுங்கும்' என்றார்கள் இன்னொன்றை.
குலை நடுங்கவில்லை; குழம்பு தீய்ந்தது, அவ்வளவுதான்.

என் அளவுகோல் ரொம்பச் சின்னது.
இடது முழங்கைக்குக் கீழே இருக்கும் மயிர்.
அது நிற்கணும்.

ஜூலையில் தண்டவாளம் முழுகிய நாள்.
மலாட் அறையில் நானும்
யாரோ எடிட்டர் கழித்துக் கட்டிய ஹார்டு டிஸ்க்கும்.
பெயரில்லாத ஒரு படம்.
எந்த நாட்டு மொழியோ. இசையும் கிடையாது.
ஒருத்தி தனியாக வாழ்கிறாள்.
ஒரு பல்துலக்கி. ஒரு தட்டு.
ஒரு நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டு உட்காருகிறாள்.
நாற்பது நிமிடம் இதுதான்.
கொட்டாவி விட்டபடி துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி எழுந்திருக்கிறாள்.
சமையலறை. குழாய். தண்ணீர் குடிக்கிறாள்.
இருட்டில் தடவிக்கொண்டு திரும்பி வந்து
கட்டிலில் உட்காருகிறாள்.
ஏற்கெனவே படுத்திருப்பது
கொஞ்சம் நகர்ந்து
அவளுக்கு இடம் விடுகிறது.

அவள் அரைத்தூக்கத்தில் ஏதோ முணுமுணுக்கிறாள்.
எனக்கு அந்த மொழி தெரியாது.
ஆனால் நன்றி சொல்வதுபோல்தான் இருந்தது.

அடுத்த காட்சியில் காலை. பல் துலக்குகிறாள்.

பாவாடை ஒன்று பாதி மடிப்பில் கையில் நின்றது.
முழங்கை மயிரும் நின்றது.
இத்தனை வருடம் தேடியது கிடைத்த சந்தோஷத்தை
யாருக்காவது போன் செய்து சொல்லியிருக்கலாம்.
போன் கட்டிலின் அந்தப் பக்கம் இருந்தது.
தாகமாக இருந்தது.
சமையலறை எட்டடி தூரம்தான்.
போகவில்லை. போனால் திரும்பி வந்தாக வேண்டுமே.

மழை நின்று முதல் லோக்கல் ஊதும்வரை
விளக்கெரிய சுவரில் சாய்ந்து கிடந்தேன்.

மறுநாள் மைக் முன்னால்
வழக்கமான ஒருத்தி, வழக்கமான பங்களா, கோடரி.
வாயைத் திறந்தேன்.
'ஹ' என்று ஒரு மூச்சு வந்தது,
இட்லித்தட்டின் துளையில் ஆவி கசிவதுபோல்.
ஹெட்ஃபோனைக் கழற்றினான் பரேஷ்.
"தீதி, பயமே தெரியலையே. கொஞ்சம் ஜோரா."
அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு
அவனுக்குப் பிடித்த மாதிரி ஒன்று கொடுத்தேன்.
கட்டைவிரலை உயர்த்தினான்.
முந்நூற்றைம்பது எழுதிக்கொண்டேன்.

அன்றிலிருந்து கட்டிலின் நட்டநடுவில் படுக்கிறேன்,
கை கால் பரப்பி, இரண்டு தலையணையும் அணைத்தபடி,
வேறு யாருக்கும் ஒரு சாண்கூட இல்லாமல்.

விடியும்போது
ஓரத்தில் கிடக்கிறேன்.